கோஸ் மெஜானில் எந்தப் பாதையில் ஓடுவது? நான்கு தடங்கள், ஓர் ஒப்பீடு

பிரான்ஸின் தெற்கே, தார்ன் ஆறும் ஜோன்த் ஆறும் இரு பக்கமும் அறுத்துவிட்டுப் போன சுண்ணாம்புக்கல் பீடபூமி கோஸ் மெஜான். மேலே பெரும்பாலும் 800 முதல் 1200 மீட்டர் உயரம். உச்சப் புள்ளியான மோன் கார்கோ 1247 மீட்டர். கீழே ஆறு ஓடும் பள்ளம் அதற்கு 400, 500 மீட்டர் தாழ்வு. நடுவில் சில குக்கிராமங்கள், அவற்றைவிடப் பல மடங்கு ஆடுகள். இந்த மேட்டுநிலமும் செவென் மலைப்பகுதியும் 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன.

விடுமுறைக்கு வரும் ஓட்டக்காரர்களுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோதான் கிடைக்கிறது. விளிம்புப் பாதையா, குறுக்கே கடப்பதா, கிழக்கே உள்ள புல்வெளியா, பக்கத்துப் பீடபூமியான கோஸ் நுவாரா என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். பெரும்பாலோர் படத்தைப் பார்த்து விளிம்புப் பாதையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஓடத்தான் வந்தோம் என்றால் பல நேரங்களில் அது தவறான தேர்வு. ஏன் என்று கீழே விரிவாகப் பார்க்கலாம்.

## எதை வைத்து முடிவு செய்வது

கிலோமீட்டரும் காட்சியும் கடைசியில் வரட்டும். சுண்ணாம்பு நிலத்தில் முதலில் கேட்க வேண்டியது தண்ணீரைத்தான்.

தண்ணீர். மழை இங்கே குறைவில்லை. ஆனால் விழுந்த நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி நிலத்தடிக்குப் போய்விடுகிறது. மேலே ஓடையும் இல்லை, ஊற்றும் இல்லை. அந்த நீர் பள்ளத்தாக்கின் அடியில் வெளியே வருகிறது. ஃப்ளோராக் ஊருக்குள் கொட்டும் பெஷே ஊற்று இந்தப் பீடபூமி குடித்த மழைதான். ஆக, கிளம்பும் இடத்தில் நிரப்புவதே நாள் முழுவதற்குமான தண்ணீர். குளிர்ந்த நாளில் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் முக்கால் லிட்டர் என்று கணக்கிடுங்கள். நான்கு மணி நேர ஓட்டத்துக்குக் கோடையில் 3 லிட்டர், அதாவது முதுகில் 3 கிலோ. பழக்கமில்லாத முதுகுக்கு அது தனிப் பயிற்சி.

வரைபடத்தில் 'லவோஞ்' என்று சிறு நீல வட்டங்கள் தெரியும். அதை நம்பி யாரும் புட்டியைக் காலி செய்ய வேண்டாம். தட்டு மாதிரி ஆழமில்லாத பள்ளம். அடியில் களிமண், மேலே பதித்த கல். சுற்றியுள்ள சரிவின் மழைநீர் அதில் தேங்குகிறது. ஆடுகள் முழங்கால் அளவு இறங்கி நின்று குடிக்கும், அங்கேயே புழுக்கை போடும். ஓரத்தில் பச்சைப் பாசி, நடுவில் தவளைக் குஞ்சுகள். வறண்ட ஆகஸ்டில் வெறும் வெடித்த சேறு. தொப்பியை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

திரும்பும் வழி. தொடங்கிய இடத்துக்கே வரும் சுற்றா, இன்னொரு ஊரில் முடியும் கடவையா? மேலே ஊர்களை இணைக்கும் பேருந்து என்று நம்பத்தக்க ஒன்று இல்லை. வேறு ஊரில் முடித்தால் வண்டியோடு ஒருவர் காத்திருக்க வேண்டும்.

பாதி வழியில் விலக முடியுமா. கணுக்கால் சுளுக்கினால் எத்தனை கிலோமீட்டரில் தார்ச்சாலை? பீடபூமியின் மேல் பெரும்பாலும் 3, 4 கிலோமீட்டருக்குள் ஒரு சிறு சாலை கிடைக்கும். விளிம்பில் அப்படியில்லை: ஒரு பக்கம் பாதாளம், இன்னொரு பக்கம் காடு.

காலடி. இதைப் பற்றிக் கீழே தனியாகப் பார்க்கலாம்.

உண்மையில் எவ்வளவு ஓடலாம். ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டராகக் கூட்டிக்கொள்ளுங்கள். 20 கிலோமீட்டரும் 1000 மீட்டர் ஏற்றமும் என்றால் 30 'சமக் கிலோமீட்டர்'. சமதரையில் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் முடிப்பவர் இங்கே ஒரு சமக் கிலோமீட்டருக்கு 7 முதல் 8 நிமிடம் வைத்துக்கொண்டால் ஏமாற மாட்டார்.

வெயில், காற்று, இடி. மேற்குப் பாதியில் நட்டு வளர்த்த கருப்பு பைன் காடு, நிழல் உண்டு. கிழக்குப் பாதி மொட்டை. புல்லும் கல்லும் வானமும் மட்டும். ஒரே பீடபூமியின் இந்த இரண்டு பாதிகளும் ஓட்டக்காரருக்கு இரண்டு வேறு ஊர்கள்.

## ஒரே பார்வையில்

தூரமும் ஏற்றமும் தோராயமானவை. சரியான கிளைப்பாதையைப் பொறுத்து ஓரிரு கிலோமீட்டர் கூடும், குறையும்.

| | விளிம்புச் சுற்று (லு ரோஸியே) | வடதெற்குக் கடவை (மேருயேஸ் – சேந்த் எனிமி) | கிழக்குப் புல்வெளி (பெர்ஜூரே) | கோஸ் நுவார் (மியோ) |
|---|---|---|---|---|
| தூரம் | 12 அல்லது 20 கி.மீ. | 27 கி.மீ. | 15–22 கி.மீ. | 18–22 கி.மீ. |
| ஏற்றம் | 700 அல்லது 1000 மீ. | 600 மீ. | 350–500 மீ. | 800 மீ. |
| சமக் கி.மீ. | 19 அல்லது 30 | 33 | 19–27 | 26–30 |
| ஓடக்கூடிய பங்கு | பாதிக்கும் குறைவு | முக்கால் | பெரும்பாலும் முழுதும் | மூன்றில் இரண்டு |
| நிழல் | நிறைய | கொஞ்சம் | இல்லை | நிறைய |
| திரும்புதல் | சுற்று | வண்டி தேவை | சுற்று | சுற்று, ரயில் நிலையம் உண்டு |
| விலகும் வழி | கடினம் | எளிது | எளிது | நடுத்தரம் |

## 1. விளிம்புச் சுற்று, லு ரோஸியேயிலிருந்து

தார்னும் ஜோன்தும் கலக்கும் இடத்தில் இருக்கிறது லு ரோஸியே, சுமார் 400 மீட்டர் உயரத்தில். அங்கிருந்து கப்ளுக் குன்றின் அடிவாரம் வழியாக ஏறி, ஜோன்த் பக்க விளிம்பைப் பிடித்து, கசாஞ் பக்கம் வளைந்து, தார்ன் பக்க விளிம்பில் இறங்குவது வழக்கமான சுற்று. குறுகியது 12 கிலோமீட்டர். கிழக்கே நீட்டினால் 20.

காட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஜாடி வடிவில் நிற்கும் பாறைத் தூண்களுக்கு 'சீன ஜாடி', 'செவ்ரு ஜாடி' என்று பெயர். 1981 முதல் இந்தப் பள்ளத்தாக்கில் மீண்டும் விடப்பட்ட பாறு கழுகுகள் இப்போது இங்கேயே இனப்பெருக்கம் செய்கின்றன. காலை பத்து மணிக்குமேல் வெப்பக் காற்று எழும்போது அவை பாறை முகத்தை ஒட்டி உங்கள் கண் மட்டத்தில் மிதந்து போகும். இறக்கையின் காற்றோசை கேட்கும் அளவுக்கு அருகில்.

ஆனால் ஓட்டம்? முதல் 3 கிலோமீட்டர் 450 மீட்டர் ஏற்றம், நடைதான். விளிம்பை அடைந்த பிறகும் பாதை நேராகப் போவதில்லை. ஒவ்வொரு பக்கவாட்டுப் பள்ளத்துக்குள்ளும் இறங்கி மறுபுறம் ஏறுகிறது. இருபது தப்படி ஓடினால் ஒரு பாறைப் படி. அதைத் தாண்டினால் பாக்ஸ்வுட் புதர்கள் தோளில் உரசும் சந்து, பிறகு ஒரு பக்கம் வெறும் வானமாக இருக்கும் ஒரு மீட்டர் அகலத் திட்டு. அந்தத் திட்டில் யாரும் ஓடக் கூடாது. எதிரே குடும்பத்தோடு நடந்து வருவோரும் உண்டு. உள்பக்கம் அவர்களுக்கு, நின்று வழிவிடுவது உங்கள் வேலை.

இரும்பு ஏணிகளும் சங்கிலிகளும் உள்ள கிளைப்பாதைகள் சில கப்ளுக் பக்கம் இருக்கின்றன. காய்ந்த நாளில் உற்சாகமாக இருக்கும். மழைக்குப் பிறகு, சேறு ஒட்டிய ட்ரெயில் (மலை, காட்டுப் பாதை ஓட்ட) ஷூவோடு இரும்புப் படியில் கால் வைத்தால் அடித்தட்டின் முன்பகுதி வழுக்கும். படியில் காலின் நடுப்பகுதி பதிய வேண்டும், ஊன்றுகோல் இரண்டும் பையில் இருக்க வேண்டும். உயரத்தைக் கண்டால் தலை சுற்றுகிறவர் இந்தக் கிளைகளையே எடுக்க வேண்டாம், முக்கியப் பாதையே போதும்.

இங்கே மறைந்திருக்கும் செலவு நேரம். 20 கிலோமீட்டர்தானே என்று இரண்டரை மணி நேரத்துக்குத் தண்ணீர் எடுத்துப் போகிறவர் நாலு மணி நேரம் மேலே இருப்பார். நிழல் இருப்பதால் தாகம் தாமதமாகத்தான் தெரியும். கடைசி இறக்கத்தில், 450 மீட்டர் பாறைப் படிகளில், தொடை முன்தசை இழுத்துக்கொள்ளும்போது எல்லாம் சேர்ந்து தெரியும்.

இரண்டாவது செலவு, வண்டி நிறுத்தம். ஜூலை, ஆகஸ்டில் தார்ன் பள்ளத்தாக்கு முழுவதும் கயாக் படகுக் கூட்டம். காலை எட்டுக்கு முன் வராவிட்டால் ஊருக்கு வெளியே சாலையோரம்தான் இடம்.

இது பொருந்துவது: நடையும் ஓட்டமும் கலந்து, நிறுத்தி நிறுத்திப் பார்க்க விரும்புகிறவருக்கு, ஏற்ற இறக்கப் பயிற்சி தேடுகிறவருக்கு, வெயில் காலத்தில் நிழல் வேண்டுகிறவருக்கு. முதல் முறை என்றால் 12 கிலோமீட்டர் சுற்றோடு நிறுத்துங்கள். நீட்டிய சுற்றில் கூடுதலாகக் கிடைப்பது பெரும்பாலும் காட்டுப் பாதை.

## 2. வடதெற்குக் கடவை: மேருயேஸிலிருந்து சேந்த் எனிமி

இரண்டு பள்ளத்தாக்கு ஊர்களுக்கு இடையே பீடபூமியைக் குறுக்கே வெட்டும் பாதை. ஒரு புவியியல் பாடத்தை ஒரே காலையில் காலால் படித்து முடிப்பது மாதிரி: ஏற்றம், காடு, புல்வெளி, குழிவுகள், மறு விளிம்பு, ஆறு. வழியில் பரவலாகக் கிடைப்பது டிராக்டர் தடங்களும், பருவத்துக்குப் பருவம் மந்தை நடந்து தேய்த்த பழைய இடைவழிகளும். அகலம், நீளம், சீரான சரிவு. இங்கேதான் கால் தன் தாளத்தைப் பிடிக்கிறது.

எந்தத் திசையில் ஓடுவது என்பதுதான் முக்கியக் கேள்வி. பலர் யோசிப்பதே இல்லை. மேருயேஸ் சுமார் 700 மீட்டரில் இருக்கிறது, சேந்த் எனிமி 480-இல். தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தொடக்க ஏற்றம் 300 மீட்டர் அளவில் முடிந்துவிடும். எதிர்த்திசையில் 450-க்குமேல் ஏற வேண்டும். மொத்தக் கணக்கில் 220 மீட்டர் மிச்சம், அதாவது இரண்டு சமக் கிலோமீட்டருக்குமேல். கடைசியில் தார்ன் ஆற்றில் காலை நனைக்கலாம் என்பது உபரி. இதற்கு விலையும் உண்டு: 23 கிலோமீட்டர் ஓடிய காலோடு 400 மீட்டருக்குமேல் செங்குத்தாக இறங்க வேண்டும். முழங்கால் தொந்தரவு உள்ளவர் எதிர்த்திசையில் வருவதே மேல். அவர்களுக்கு ஏற்றம் வலிக்காது, இறக்கம்தான் வலிக்கும்.

வழியில் தண்ணீர்? பாதையைச் சற்று வளைத்தால் ஆவென் ஆர்மான் குகை வாசலைத் தொடலாம். 1897-இல் கண்டறியப்பட்ட இந்தக் குகையில் சுற்றுலாப் பருவத்தில் ஆள் நடமாட்டம், சிற்றுண்டி எல்லாம் உண்டு. பருவம் முடிந்தால் கதவு மூடியிருக்கும். கிளம்புவதற்கு முன் திறந்திருக்கும் நாட்களைச் சரிபார்த்த பிறகே அதைத் தண்ணீர்க் கணக்கில் சேருங்கள். குக்கிராமத்தில் வீட்டுக்காரரிடம் கேட்டால் மறுக்க மாட்டார்கள். ஆனால் பிற்பகலில் ஆளே கண்ணில் படாத ஊர்களும் உண்டு.

மறைந்த செலவு முழுக்க வண்டியில்தான். இரு ஊர்களையும் இணைக்கும் சாலை பீடபூமியின் மேலேயே போகிறது, 30 கிலோமீட்டருக்குள், வளைவுகளோடு முக்கால் மணி நேரம் பிடிக்கும். இரண்டு வண்டி உள்ள குழு என்றால் காலையில் ஒன்றைக் கொண்டுபோய் முடிவு ஊரில் விட்டுவிட்டு வர ஒன்றரை மணி நேரம், மாலையில் மற்றதை எடுக்க இன்னொரு ஒன்றரை. நான்கு மணி நேர ஓட்டத்துக்கு மூன்று மணி நேர வண்டிப் பயணம். கோடையில் இதைவிட மோசமான விளைவு ஒன்றும் உண்டு: வண்டியைக் கொண்டுவிட்டுத் திரும்புவதற்குள் மணி ஒன்பதரை ஆகி, மொட்டைப் பகுதியை உச்சிவெயிலில் கடக்க நேரும். முடிவு ஊர் வண்டியை முந்தின இரவே விட்டுவிடுங்கள். ஓடாத ஒருவர் கூட வந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

லு ரோஸியேயிலிருந்து ஃப்ளோராக் வரை மேற்கு கிழக்காகவும் கடக்கலாம், 45 முதல் 50 கிலோமீட்டர். அல்ட்ரா (மாரத்தானைவிட நீண்ட ஓட்டம்) பழக்கமுள்ளவர்களுக்கு மட்டும், நடுவில் தண்ணீர் கொண்டுவந்து தர ஒருவர் இருந்தால் மட்டும்.

இது பொருந்துவது: நீண்ட, தொடர்ச்சியான ஓட்டம் வேண்டுகிறவருக்கு, கூட ஒரு வண்டி ஓட்டுநர் இருப்பவருக்கு, ஏப்ரல் முதல் ஜூன் நடுப்பகுதி வரை, அல்லது செப்டம்பரில் வருகிறவருக்கு.

## 3. கிழக்குப் புல்வெளி, பெர்ஜூரே கணவாயிலிருந்து

ஓடுவதற்காகவே வருகிறவருக்கு எங்கள் முதல் தேர்வு இதுதான்.

பெர்ஜூரே கணவாய் 1028 மீட்டர். வண்டியிலேயே பீடபூமி மட்டத்துக்கு வந்துவிடுகிறீர்கள். மற்ற தடங்களில் முதல் முக்கால் மணி நேரம் விழுங்கும் ஏற்றம் இங்கே இல்லை. அருகிலேயே நீம்-லெ-வியூ என்ற பாறைக் கூட்டம், டோலமைட் கல் மழையிலும் பனியிலும் அரிந்து இடிந்த நகரம் போல் நிற்பது. அதைச் சுற்றி வரும் குறும்பாதை சுமார் 5 கிலோமீட்டர், நல்ல உடல்சூடு. அங்கிருந்து வடக்கே மோன் கார்கோ நோக்கிப் புல்வெளியில் ஏறி, மேற்கே குக்கிராமங்கள் வழியாக வளைந்து திரும்பினால் 15 முதல் 22 கிலோமீட்டர். எங்கு வேண்டுமானாலும் வெட்டிச் சுருக்கலாம்.

மே கடைசியிலும் ஜூனிலும் இறகுப் புல் பூக்கும். காற்றில் முழுச் சரிவும் வெள்ளியாகப் புரளும். பாதை மென்மையானது, சீரான அலை போன்ற ஏற்ற இறக்கம், பார்வைக்குத் தடையே இல்லை. பிரெவால்ஸ்கி குதிரைகளை 1993 முதல் வளர்க்கும் பரந்த வேலியிட்ட மேய்ச்சல் நிலமும் இந்தப் பக்கம்தான். வேலிக்கு வெளியிலிருந்தே பார்க்கலாம்.

எளிய தடம் என்று நினைத்து வருகிறவர்களை இங்கே மாட்டிவிடுவது வானிலை. மூன்று விதத்தில்.

வெயிலுக்கு ஒதுங்க ஒரு மரம் இல்லை. ஜூலையில் காலை ஆறரைக்குத் தொடங்கி பத்துக்குள் வண்டிக்குத் திரும்ப வேண்டும். குளிர்காலத்தில் அதே திறந்தவெளி வடகாற்றை அப்படியே உங்கள் மேல் இறக்கும். வெயில் அடிக்கும் நாளில்கூட விரல் மரத்துப்போகும், அதனால் காற்றுத் தடுப்பு மேலாடையும் கையுறையும் இல்லாமல் நவம்பர் முதல் மார்ச் வரை வர வேண்டாம்.

இடி. புல்வெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். கோடைப் பிற்பகலில் எகுவால் மலைப் பக்கம் மேகம் காலிஃபிளவர் போல் குவியத் தொடங்கினால் திரும்பும் நேரம் வந்துவிட்டது. மாட்டிக்கொண்டால் மோன் கார்கோ போன்ற மேட்டையும் தனி மரத்தையும் பாறைக் குடையின் அடிப்பகுதியையும் விட்டு, தாழ்ந்த குழிவில் கால்களைச் சேர்த்துக் குந்தி இருங்கள்.

மூடுபனி. இதைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மலையில் கற்ற பழக்கம் சுண்ணாம்பு நிலத்தில் எதிராக வேலை செய்கிறது. வழி தவறினால் சரிவில் இறங்கு, ஓடை வரும், ஓடையைப் பிடித்தால் ஊர் வரும் என்பது மலை விதி. இங்கே சரிவில் இறங்கினால் 'சோட்ச்' என்று சொல்லப்படும் மூடிய குழிவின் அடிக்கு வருவீர்கள். கிண்ணத்தின் அடியில் நிற்கிற மாதிரி எல்லாத் திசையும் ஏற்றம். அடியில் கொஞ்சம் செம்மண், ஒரு சிறு வயல், வேறொன்றும் இல்லை. அதோடு ஆட்டுத் தடங்கள் பத்துப் பதினைந்து இணையாக ஓடும், எல்லாமே பாதை போலவே இருக்கும். ஒன்றைப் பிடித்து ஓடினால் ஐந்து நிமிடத்தில் 30 பாகை விலகியிருப்பீர்கள். மூடுபனியில் செய்ய வேண்டியது: நின்று, கைபேசி வரைபடத்தில் அருகிலுள்ள டிராக்டர் தடத்தையோ சாலையையோ பார்த்து, திசைகாட்டியை வைத்து நேராக அதற்குப் போவது. தடம் கிடைத்த பிறகு அதை விடக் கூடாது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருங்கள். சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும்.

இந்தப் பகுதி செவென் தேசியப் பூங்காவின் மையப் பகுதிக்குள் வருகிறது. பூங்கா 1970-இல் அமைந்தது. நாய் வாருடன் இருக்க வேண்டும், தீ மூட்டக் கூடாது, ட்ரோன் கூடாது.

இது பொருந்துவது: வேக ஓட்டம், நெளிவில்லாத தாளம் வேண்டுகிறவருக்கு, ட்ரெயிலுக்குப் புதியவருக்கு, தெளிந்த வானிலையில், குழுவில் வேறுபட்ட வேகம் உள்ளவர்களுக்கு. தூரத்திலேயே ஒருவரை ஒருவர் பார்க்க முடியும் என்பதால் யாரும் தொலைய மாட்டார்கள். வண்டி இல்லாதவருக்கு இது பொருந்தாது.

## 4. கோஸ் நுவார், மியோ ஊரிலிருந்து

தெற்கே அடுத்த பீடபூமி. 1995-இல் தொடங்கிய தாம்ப்ளியே ட்ரெயில் பந்தயத்தால் பிரான்ஸ் முழுக்க ஓட்டக்காரர்களுக்குத் தெரிந்த நிலம். மியோவிலிருந்து புன்ஷோ தகாஸ் முனைக்கு ஏறி, விளிம்பில் கிழக்கே ஓடி, தூர்பி பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கித் திரும்பும் சுற்றை 18 முதல் 22 கிலோமீட்டரில் அமைக்கலாம். முனையிலிருந்து மியோ பாலம் முழுதாகத் தெரியும்.

இதன் பெரிய பலம் ஊர். ரயில் நிலையம், பேருந்து, மருந்துக்கடை, ஓட்டச் சாமான் கடை, மருத்துவமனை எல்லாம் கிளம்பும் இடத்திலேயே. பாதை பைன் காட்டுக்குள்ளும் விளிம்பிலும் மாறி மாறிப் போகிறது. ஒற்றையடிப் பாதைகள் ஓட்டத்துக்குப் பழகியவை.

குறை என்றால் தொடக்க ஏற்றம்தான்: ஊரிலிருந்து 450 மீட்டருக்குமேல், சில இடங்களில் கை தொடையில் வைத்து ஏறும் சரிவு. பந்தயம் நடக்கும் அக்டோபர் மூன்றாவது வார இறுதியை ஒட்டித் தங்கும் இடம் கிடைக்காது. கோஸ் நுவாரின் புகழ்பெற்ற பாறைக் கூட்டமான மோன்பெலியே-லெ-வியூ கட்டணம் வாங்கும் தனியார் இடம். பாதையில் சேர்க்க நினைத்தால் அதையும் திறக்கும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள்.

இது பொருந்துவது: ரயிலிலோ பேருந்திலோ வருகிறவருக்கு, தனியாக ஓடுகிறவருக்கு, பந்தயத்துக்குத் தயாராகிறவருக்கு.

## காலடியும் காலணியும்

எல்லாத் தடத்துக்கும் பொது, ஆனால் விகிதம் மாறும்.

திறந்த சுண்ணாம்புப் பாறையில் மழைநீர் கத்தி விளிம்பு போன்ற பள்ளங்களை அரித்து வைத்திருக்கிறது. கால் அந்தப் பள்ளத்தில் விழுந்தால் உடல் முன்னே போகும், பாதம் போகாது. கணுக்கால் இப்படித்தான் போகிறது. ஊன்றுகோல் முனையும் அதே பள்ளத்தில் சிக்கும். கார்பன் கோல் பக்கவாட்டில் வளைந்தால் ஒடிந்துவிடும். கற்பாங்கான பகுதிக்கு வந்ததும் மணிக்கட்டு வாரைக் கழற்றிவிடுங்கள், சிக்கினால் கை விட்டுவிடலாம்.

ஆள் நடந்து மழுங்கிய சுண்ணாம்பு, ஈரத்தில் சோப்பு. லு ரோஸியே விளிம்பில் இதுதான் அதிகம். குழிவுகளின் செம்மண் அடித்தட்டில் ஒட்டிக்கொண்டு அடுத்த பாறையில் காலை வாரும். மண்ணைக் கடந்ததும் பத்து வினாடி நின்று கல்லில் தேய்த்துவிட்டுப் போவது விழுவதைவிட மலிவு. டோலமைட் வேறு ரகம்: மணல் மணலாக உதிரும், காய்ந்திருந்தால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அடித்தட்டை உப்புத்தாள் போல் தேய்க்கும்.

ஆகவே 6, 7 மில்லிமீட்டர் ஆழப் பற்கள் இங்கே தேவையில்லை. 4 மில்லிமீட்டர், மென்மையான ரப்பர், கூர்க்கல் குத்தாத தட்டுள்ள ஷூ போதும். விரல் முனைக்கு முன் கெட்டிக் காப்பு கட்டாயம். பைன் காட்டில் ஊசியிலைக்கு அடியில் கல் ஒளிந்திருக்கும்.

## எந்தத் தடமானாலும்

மந்தையும் காவல் நாயும்: ஓநாய் திரும்பி வந்திருப்பதால் மந்தைகளோடு 'பட்டூ' என்ற பெரிய வெள்ளை நாய்கள் நிற்கக்கூடும். தூரத்தில் மந்தையைப் பார்த்ததும் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், விரிவாகச் சுற்றிப் போங்கள். நாய் குரைத்து வந்தால் நில்லுங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள், கோலை உயர்த்தாதீர்கள். முகர்ந்து பார்த்துவிட்டு மந்தைக்குத் திரும்பும். அதன் பிறகு மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓடினால் துரத்தும்.

வேலிக் கதவு எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலையில் விட்டுச் செல்லுங்கள். ஒரு கதவு திறந்து கிடந்தால் இரண்டு விவசாயிகளின் மந்தை கலந்துவிடும். பிரிக்க அவர்களுக்கு ஒரு நாள் போகும்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி கடைசி வரை வேட்டைப் பருவம். பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேலாடை போடுங்கள். வேட்டை நடக்கிறது என்ற பலகை பாதை முகப்பில் இருந்தால் வேறு தடத்துக்குப் போங்கள். அந்த நாளில் பெர்ஜூரே திறந்தவெளி, அடர்காட்டுத் தடங்களைவிட நல்லது, நீங்கள் தெரிவீர்கள். இலையுதிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் பெருமழை ஒரே நாளில் பள்ளத்தாக்குச் சாலைகளை மூடிவிடும். ஆரஞ்சு வானிலை எச்சரிக்கை இருந்தால் விளிம்புச் சுற்றும் தூர்பி இறக்கமும் வேண்டாம்.

அடையாளக் கோடுகள்: வெள்ளை-சிவப்பு நெடுந்தொலைவுப் பாதை, மஞ்சள்-சிவப்பு வட்டாரச் சுற்று, மஞ்சள் உள்ளூர்ப் பாதை, பெருக்கல் குறி தவறான வழி. புல்வெளியில் கோடு தீட்ட மரமில்லாததால் கல்லிலும் வேலிக் கம்பத்திலும் தேடுங்கள். 300 மீட்டர் ஓடியும் ஒரு கோடும் தென்படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த கோட்டுக்குத் திரும்புங்கள்.

மேலே போடும் எதுவும் மண்ணில் வடிகட்டப்படாமல் வெடிப்பு வழியாகக் கீழ் ஊரின் ஊற்றுக்குப் போகிறது. ஆற்றல் ஜெல் உறை மட்டுமல்ல, கழிவறைத் தாளும் பையில் திரும்பி வர வேண்டும். குழிவின் அடியிலும் பாறைத் துளையின் பக்கத்திலும் ஒதுங்க வேண்டாம்.

## உங்கள் நிலைமைக்கு எது

ஒரே நாள், வண்டி உண்டு, வானம் தெளிவு: பெர்ஜூரே, 18 கிலோமீட்டர். அதே நாள் 33 பாகை வெயில் என்றால் விடியற்காலையில் லு ரோஸியே குறுஞ்சுற்று.

இரண்டு நாள்: முதல் நாள் பெர்ஜூரே, மறுநாள் லு ரோஸியே 12 கிலோமீட்டர். வரிசையை மாற்றாதீர்கள். விளிம்பின் இறக்கம் தொடையை அடித்துப்போட்டால் மறுநாள் புல்வெளியில் ஓட முடியாது.

வண்டி இல்லை: மியோ.

குழுவில் ஒருவர் ஓடவில்லை, ஓட்டுநராக இருப்பார்: மேருயேஸிலிருந்து சேந்த் எனிமி. அவரோடு ஒரு நேரம் பேசி வையுங்கள். காலை ஏழுக்குக் கிளம்பினால் பதினொன்றரைக்கு ஆற்றங்கரையில் இருக்க வேண்டும். ஒன்றரை வரை தகவல் இல்லை என்றால் அவர் 112-ஐ அழைக்க வேண்டும். எந்த ஜி.பி.எஸ். தடக்கோப்பில் ஓடுகிறீர்களோ அது அவர் கைபேசியிலும் இருக்கட்டும்.